மலை எங்கே ஓடப் போகிறது?

காலேஜ் நோட்டீஸ் போர்டில் 'கல்விச் சுற்றுலா' என்று ஒரு தாள் ஒட்டுவார்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரே நாள், ஏழு இடங்கள், தலைக்கு இத்தனை ரூபாய். கடைசியில் 'பெற்றோர் கையெழுத்து அவசியம்' என்று ஒரு வரி.

பி.காம். பசங்களுக்கு இதைப் பார்த்ததும் கணக்குதான் ஓடும். கட்டுகிற பணத்தை ஏழால் வகுத்தால் ஓர் இடம் என்ன விலை? இடம் கூடக்கூட லாபம். அரண்மனையாக இருந்தால் என்ன, அருவியாக இருந்தால் என்ன, எண்ணிக்கைதான் முக்கியம்!

2000-ம் வருஷம், பிப்ரவரி. கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவர் சிலையைத் திறந்து ஒரு மாசம்தான் ஆகியிருந்தது. ராத்திரி முழுக்க பஸ்ஸில் பாட்டுப் பாடிவிட்டு, தூங்காத கண்ணோடு சூரிய உதயம் பார்த்தோம். அப்புறம் படகு க்யூ. சுசீந்திரத்தில் நின்று கும்பிட நேரமில்லை. பத்மநாபபுரம் அரண்மனையில், 1956-ல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் இந்த அரண்மனை மட்டும் கேரள அரசின் பொறுப்பில் இருப்பதை கைடு சொல்லி முடிப்பதற்குள் விசில் ஊதிவிட்டார்கள். மாத்தூர் தொட்டிப் பாலத்தில், 115 அடி உயரத்தில் ஓட்டமும் நடையுமாக ஒரு ரவுண்டு. திற்பரப்பில் குளியல். ஈரத் தலையோடு மறுபடி பஸ்.

ஏழாவது இடம் சிதறால். மார்த்தாண்டத்திலிருந்து ஏழு கிலோமீட்டர். மணி நாலு. கால் வீங்கிப்போய் பாதிப் பேர் இறங்கவே இல்லை. "எல்லாக் கல்லும் ஒரே கல்லுதாண்டா" என்று ஜன்னலோரம் ஒருத்தன் தூங்கிப் போனான். மிச்சப் பேர் இறங்கினோம். அடிவாரத்தில் சர்பத் விற்ற பாட்டி எங்கள் அவசரத்தைப் பார்த்துச் சிரித்தாள். "மெதுவா ஏறு மக்களே... மலை எங்க ஓடிப் போவப் போவுது?"

ஏறினோம். உச்சியில் இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு ஒடுக்கமான இடுக்கு. அதில் நுழைந்து அந்தப் பக்கம் போனால், பாறை முகத்தில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள். தலைக்கு மேல் நாகம் குடை பிடிக்கும் பார்சுவநாதர். சிங்கத்தோடும் பிள்ளைகளோடும் அம்பிகை. எதிரே கண்ணுக்கு எட்டிய மட்டும் தென்னை, தூரத்தில் மேற்கு மலைத் தொடர். காற்று அப்படி வீசியது.

கூட வந்த தமிழ்ப் பேராசிரியர் சொன்னார். ஒன்பதாம் நூற்றாண்டிலேயே சமணர்கள் தங்கிப் படித்த, படிப்பித்த மலை இது. பழைய பேர் திருச்சாரணத்து மலை. பிற்காலத்தில் பகவதி கோயிலாக மாறிவிட்டது. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ம் ஆட்சி ஆண்டுக் கல்வெட்டு ஒன்றில் ஒரு பெண்ணின் பேர் இருக்கிறது. குணந்தாங்கிக் குரத்தி. அரிட்டநேமி என்ற ஆசிரியரின் மாணவி. இங்குள்ள தெய்வத்துக்குப் பொன்னாபரணம் கொடுத்தவர்.

'குரத்தி' என்பதற்கு வல்லின 'ற' போட்டுவிடாதீர்கள். குரு என்பதன் பெண்பால் அது. பெண் ஆசிரியர் என்று அர்த்தம். கழுகுமலையில் உள்ள கல்வெட்டுகளிலும் திருச்சாரணத்துக் குரத்திகள் என்று பேர் வருகிறதாம். இங்கிருந்து கழுகுமலை நூறு கிலோமீட்டருக்கு மேல். சமணத் துறவிகள் வண்டி ஏற மாட்டார்கள். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் இந்த மலையைச் சேர்ந்த ஒரு பெண்ணின் பேர் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று யோசித்துப் பாருங்கள். கால்நடையாகத்தான்.

அவர் முடிக்கும்போது விசில். எல்லோரும் எழுந்தோம். ஒரு பெண் மட்டும் எழுந்திருக்கவில்லை.

வகுப்பில் குரலே கேட்காத பெண். அப்பா சின்னதாக ஒரு மளிகைக் கடை வைத்திருந்தார். மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்து அந்தக் கையெழுத்தை வாங்கி வந்திருக்கிறாள் என்று பிற்பாடுதான் தெரிந்தது.

"சார், இன்னும் கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போலாம் சார். இதுக்கப்புறம் என்னை எங்கயும் விட மாட்டாங்க."

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. பேராசிரியர் வாட்ச்சைப் பார்த்தார். அப்புறம் அவரும் உட்கார்ந்துவிட்டார். மார்த்தாண்டத்தில் தேன் வாங்குகிற புரோகிராம் அதோடு கேன்சல். "யாருக்காகவோ நாங்க ஏன் காயணும்?" என்று சிலர் முணுமுணுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்களும் அடங்கிப் போனார்கள். யாரும் போட்டோ எடுக்கவில்லை. பாறையெல்லாம் மஞ்சள் வெயில். ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

அன்றைக்குப் பார்த்த மற்ற ஆறு இடங்களும் எனக்குள் ஒன்றோடு ஒன்று கலந்து கிடக்கின்றன. சிதறால் மட்டும் தனியாக நிற்கிறது. அங்கே மட்டும்தான் நாங்கள் இருந்தோம். மற்ற இடங்களில் போனோம், வந்தோம்.

சில வருஷத்துக்கு முன் வகுப்புத் தோழர்கள் கூடியபோது அவரைப் பார்த்தேன். டிகிரி முடித்த கையோடு கல்யாணம், இரண்டு பிள்ளைகள். சிதறால் பேச்சு வந்தது. "அதுக்கப்புறமும் எத்தனையோ ஊருக்குப் போயிருக்கேன். எல்லாம் அவர் கிளம்புனா கிளம்பணும், பிள்ளைங்க பசின்னா திரும்பணும். 'நான் இப்ப வரலை'ன்னு சொல்லி உக்காந்த இடம் அது ஒண்ணுதான்" என்றார். புகாராகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிக்க முடியவில்லை.

நம் ஊரில் எத்தனையோ பெண்களுக்கு, வீட்டு மனிதர்கள் கூட இல்லாமல் போகிற முதல் பயணம் காலேஜ் டூர்தான். பல பேருக்குக் கடைசிப் பயணமும் அதுவே. அந்த ஒரு நாளையும் ஏழு இடமாகக் கூறு போட்டு, விசில் ஊதித் துரத்தினால் அவர்கள் கையில் என்ன மிஞ்சும்?

நீங்கள் ஆசிரியராக இருந்தால் ஒன்று செய்யுங்கள். அந்தப் பட்டியலில் பாதியை அடித்துவிடுங்கள். ஏழு மூன்றானால் ஒன்றும் குடி முழுகிவிடாது. நீங்கள் அப்பா, அம்மாவாக இருந்தால், மகள் அந்தத் தாளை நீட்டும்போது "யார் யாரெல்லாம் வர்றாங்க?" என்று தாராளமாகக் கேளுங்கள். கேட்டுவிட்டு, மூன்று நாள் இழுக்காமல் கையெழுத்துப் போடுங்கள்.

சிதறால் போகிறவர்கள் வெயில் தாழ ஏறுங்கள். தண்ணீர் பாட்டிலைக் கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள். மேலே போய் யாராவது ஒருத்தி எழுந்திருக்க மாட்டேன் என்றால், பக்கத்தில் நீங்களும் உட்காருங்கள்.