பிரைவேட்டாக எழுதும் பத்தாவது

பள்ளியைப் பாதியில் விட்டவர் பெரியவரான பிறகு பத்தாம் வகுப்புத் தேற, தமிழ்நாட்டில் நெடுங்காலமாக உள்ள வழி தனித்தேர்வு. ‘பிரைவேட்டாக எழுதுவது’ என்பார்கள். பதினான்கரை வயது நிறைந்திருக்க வேண்டும், மேல்வரம்பு கிடையாது. அரசுத் தேர்வுகள் இயக்ககம் பள்ளி மாணவருக்குத் தரும் அதே கேள்வித்தாள்தான் இவர்களுக்கும். பெரியவர்களுக்கென்று தரம் குறைத்த தேர்வு எதையும் அரசு வைக்கவில்லை. இந்த ஏற்பாட்டின் பெருமையே அதுதான்.

கொங்கு நாட்டில் இதன் தேவை தொழிலோடு சேர்ந்தே வளர்ந்தது. 1888-ல் கோவையில் ஸ்டேன்ஸ் மில் வந்ததிலிருந்து பஞ்சாலைக்கும், பிறகு சோமனூர் விசைத்தறிக்கும், திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் கைத்திறன் போதுமானதாக இருந்தது. வாரக் கூலி கைக்கு வந்ததும் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர்கள் ஏராளம். சான்றிதழின் அருமை பின்னால்தான் தெரிகிறது. குரூப் 4 தேர்வுக்கும் இரண்டாம் நிலைக் காவலர் வேலைக்கும் பத்தாவது வேண்டும். வளைகுடாவுக்குப் போகிறவர் பத்தாவது தேறியிருந்தால் குடியேற்ற அனுமதி வாங்கும் அலைச்சல் இல்லை. வாடகை, சரக்கு வண்டி ஓட்டும் உரிமத்துக்கு எட்டாவது கட்டாயம் என்ற விதியை மத்திய அரசு 2019-ல்தான் நீக்கியது. அதுவரை எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு ஓட்டுநர்களின் பிழைப்போடு பிணைந்திருந்தது.

ஐந்து பாடம், ஒவ்வொன்றிலும் 35 மதிப்பெண். ஆங்கிலமும் கணக்கும் பயமுறுத்தும் என்றாலும், டுட்டோரியல் உதவியோடு தாண்டிவிடலாம். உண்மையான தடை அறிவியல். எழுத்துத் தேர்வில் 75-க்கு 20, செய்முறையில் 25-க்கு 15 எடுக்க வேண்டும். செய்முறைக்கு முன்கூட்டியே பெயர் பதிந்து, ஒதுக்கப்படும் பள்ளியில் 80 சதவீத வருகை காட்டியாக வேண்டும். திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரைக்கு உள்ளே போனவர் வெளியே வர இரவு எட்டரை ஆகும். பள்ளி நேரத்தில் நடக்கும் பயிற்சிக்கு அவர் கூலியை விட்டுத்தான் வர வேண்டும். இத்தனைக்கும் சோதனைகள் கடினமானவை அல்ல. மின்தடை எண் காண, கம்பியின் விட்டத்தைத் திருகு அளவியால் அளக்கச் சொல்வார்கள். கோவை கணபதிப் பகுதியில் லேத் ஓட்டுகிறவருக்கு அது தினமும் கையில் புரளும் மைக்ரோமீட்டர். ஆசிரியரைவிட வேகமாக அளந்துவிடுவார். அப்படிப்பட்டவர் வருகைப் பதிவேட்டில் தோற்பது அநியாயம். மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ பயிற்சி வைத்தால் பலர் கரையேறுவார்கள்.

தேசிய திறந்தநிலைப் பள்ளி மற்றொரு வழி. 1989-ல் தொடங்கியது. ஐந்தாண்டுக்குள் ஒன்பது வாய்ப்பு, தேறிய பாடம் தேறியதாகவே நிற்கும், அறிவியல் கட்டாயமில்லை. குழந்தை குட்டியோடு படிக்கும் பெண்களுக்கு இந்தத் தவணை முறை பெரிய ஆறுதல்.

இரண்டையும் விட்டுவிட்டு, திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரே பட்டம் வாங்கிவிடலாம் என்று நம்பி நொந்தவர்கள் உண்டு. பத்தாவது, பிளஸ் டூ, பிறகு பட்டம் என்ற வரிசையில் படித்திருந்தால்தான் அரசு வேலைக்குச் செல்லும் என்று தமிழக அரசு 2009-ல் ஆணையிட்டது. எனவே பத்தாவது முடித்தவர் அடுத்துக் கைவைக்க வேண்டியது பிளஸ் டூவில். அதையும் நேரடித் தனித்தேர்வராக எழுதலாம். ஆனால் செய்முறை இல்லாத வரலாறு, பொருளியல், வணிகவியல் போன்ற பாடங்களை எடுத்துத்தான்.