ஊதாப் புல்லும் சிவப்புக் கடலும்

சின்ன மாமாவின் கொம்பியூட்டரைப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுப்பதாகத்தான் இருந்தது. பென்டியம் 4, விண்டோஸ் எக்ஸ்பி. பத்து வருசமாக அறை மூலையில் ஒரு பழைய பெட்சீட்டைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. பவர் சப்ளை எப்போதோ எரிந்துவிட்டது. வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும், அறையைக் காலி பண்ணுங்கோ என்று அம்மா சொல்ல, கேட்டுவிட்டுக் கொடுப்போமே என்று மாமாவுக்கு ஒரு வட்ஸ்அப் போட்டோம். ஐந்து நிமிசத்தில் கோல் வந்தது.

"குடுத்திடாதீங்கடா. அதுக்குள்ள என்ட மப் ஒண்டு கிடக்கு."

நாங்கள் என்றால் மூன்று பேர். வந்தாறுமூலையில் கலைப்பீடம் படிக்கிற ஒன்று, உயர்தரம் எழுதிவிட்டு வீட்டிலிருக்கிற தம்பி, ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளியிருக்கிற சிநேகிதன். மூன்று பேருக்கும் 'ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2' விளையாடக் கற்றுக்கொடுத்தது சின்ன மாமாதான். 2012 இல் படகேறி ஒஸ்ரேலியா போனார். இப்போது மெல்பனில் இருக்கிறார். அவருடைய விசா நிலைமையில் அங்கிருந்து வெளிக்கிட்டால் திரும்பப் போக ஏலாது. அதனால் இங்கே வந்ததே இல்லை. அம்மப்பாவின் செத்தவீட்டையும் போனில்தான் பார்த்தார்.

அப்படிப்பட்ட மனுசன் இத்தனை வருசத்தில் எங்களிடம் கேட்ட ஒரே பொருள் அந்த மப். எடுத்தே தீர்வது என்று இறங்கினோம்.

முதல் வேலை ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றுவது. 40 ஜீபி, பட்டையான வயர் செருகுகிற பழைய ஐடிஈ வகை. இப்போதைய லப்டொப் எதிலும் அதற்கு வாசல் இல்லை. டவுனில் திருத்துகிற கடைக்கார அண்ணாவிடம் அதை யூஎஸ்பியில் போடுகிற அடப்டர் ஒன்று இருந்தது. "இதுக்குள்ள என்ன தம்பி, தங்கமா?" என்று கேட்டுக்கொண்டே தந்தார். டிஸ்க் இரண்டு தரம் கிர்ரென்று இழுத்தது, மூன்றாவது தரம் திறந்தது. மாமாவின் கேம் ஃபோல்டரை அப்படியே கொப்பி பண்ணினோம். அதற்குள் 'சினாரியோ' என்ற ஃபோல்டர், அதில் 'ட்ரிங்கோ' என்று பெயர் வைத்த ஒரே ஒரு கோப்பு. அளவு ஒரு எம்பி கூட வராது.

இந்த கேம் தெரியாதவர்களுக்கு: என்செம்பிள் ஸ்டூடியோஸ் 1999 இல் செய்தது, மைக்ரோசொஃப்ட் வெளியிட்டது. 'த கொன்கரர்ஸ்' என்ற விரிவு 2000 இல் வந்தது. அதோடு ஒரு மப் எடிட்டரும் வரும். கடல், மலை, காடு, மான், வீடு எல்லாவற்றையும் நாங்களே வைத்து ஓர் ஊர் செய்யலாம். எங்கள் வீட்டில் இருந்தது திருட்டு சீடி என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். அந்தக் காலத்தில் ஒறிஜினல் சீடியை எங்களில் யாரும் கண்ணாலும் கண்டதில்லை.

வீட்டிலிருக்கிற பழைய லப்டொப்பில் விண்டோஸ் 7. அதில் கேமைத் திறந்தோம். பாட்டு வந்தது, மெனு வந்தது, மப் திறந்தது. எல்லாரும் கத்தினோம். பிறகுதான் பார்த்தோம்: புல் ஊதா. மனிதர்களின் முகம் பச்சை. கடல் நல்ல சிவப்பு. பின்னால் நின்று பார்த்த அம்மம்மா ஒன்றும் சொல்லாமல் எழும்பிக் குசினிக்குப் போனா. இந்த ஊரில் சிவந்த கடல் பகிடி இல்லை.

கிராபிக்ஸ் டிரைவர்தான் பிழை என்று முதலில் முடிவு கட்டினோம். இரண்டு நாளும், தம்பியின் ஒரு கிழமை டேட்டாவும் அதில் போனது. புது டிரைவர், பழைய டிரைவர், டிரைவரே இல்லாமல் – புல் ஊதாதான். உங்களுக்கும் இப்படி நடந்தால் தயவுசெய்து டிரைவரில் தொடங்காதீர்கள்.

பிழை எங்கே என்று விளங்க, 1999 இல் திரையில் நிறம் எப்படி வந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். 1024 க்கு 768 அளவான திரையில் 786,432 புள்ளிகள். இன்றைக்குப்போல ஒவ்வொரு புள்ளிக்கும் நாலு பைட் கொடுத்தால் ஒரு படத்துக்கே 3 எம்பி வேண்டும். அந்தக் காலத்துக் கார்ட்டுகளுக்கு அது பெரிய சுமை. அதனால் இந்த கேம் ஒரு புள்ளிக்கு ஒரே ஒரு பைட் கொடுத்தது. அந்த பைட்டில் இருப்பது நிறம் அல்ல, ஓர் இலக்கம். 0 இலிருந்து 255 வரை. எந்த இலக்கத்துக்கு எந்த நிறம் என்று தனியாக ஓர் அட்டவணை இருக்கும். பெயின்ட் கடையில் 'நம்பர் 47 தாங்கோ' என்று கேட்கிற மாதிரித்தான். கடைக்காரர் அட்டையை மாற்றிவிட்டால் 47 க்கு வேறு பெயின்ட் வரும்.

விண்டோஸ் 7 இல் நடந்தது இதுதான். கேம் தன் அட்டவணையைப் போடுகிறது. அதே நேரம் பின்னால் ஓடுகிற எக்ஸ்ப்ளோரர் – டாஸ்க்பாரையும் டெஸ்க்டொப்பையும் காட்டுகிற அதே எக்ஸ்ப்ளோரர் – தன் நிறங்களைக் கொண்டுவந்து சில இடங்களில் செருகிவிடுகிறது. கடலுக்கான இலக்கம் சரியாகத்தான் இருக்கிறது, அந்த இலக்கத்துக்கு இப்போது சிவப்பு வந்து நிற்கிறது. படம் அழியவே இல்லை. வாசிக்கிற அட்டைதான் பிழை.

ஆகவே வைத்தியம், எக்ஸ்ப்ளோரரை நிறுத்துவது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்தினால் டாஸ்க் மனேஜர் வரும். அதில் எக்ஸ்ப்ளோரரை முடித்துவிட வேண்டும். டாஸ்க்பார், ஐகன் எல்லாம் மறைந்து வெறும் வோல்பேப்பர் மட்டும் நிற்கும். பயப்படத் தேவையில்லை. அதே டாஸ்க் மனேஜரில் 'நியூ டாஸ்க்' போய் கேமைத் திறக்கலாம். விளையாடி முடிய, அதே இடத்தில் எக்ஸ்ப்ளோரரைத் திரும்ப ஓடவிட்டால் எல்லாம் பழையபடி வரும்.

கடல் நீலமாக வந்தது. அம்மம்மாவைக் கூப்பிட்டோம். "இப்ப சரி" என்றா.

ஆனால் அதோடு முடியவில்லை. மாமாவுக்கு ஸ்கிரீன்ஷொட் போதாது, தானே திறந்து பார்க்க வேண்டும். அவரிடம் இருப்பது விண்டோஸ் 11. அதனால் சிநேகிதனின் புது லப்டொப்பில் முதலில் நாங்கள் செய்து பார்த்தோம். 'டிரெக்ட்பிளே' வேண்டும் என்று ஒரு பெட்டி வந்தது. பழைய கேம்கள் பலர் சேர்ந்து விளையாடப் பாவித்த பகுதி அது. விண்டோஸில் இன்றும் இருக்கிறது, மூடி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். 'விண்டோஸ் ஃபீச்சர்ஸ்' பட்டியலில் 'லெகசி' என்ற தலைப்பின் கீழ் அதைத் திறந்துவிட்டோம். பிறகு மெனு வந்தது, ஆனால் மவுஸ் சேற்றுக்குள் நடப்பதுபோல் இழுபட்டது. மப்பைத் திறந்தால் முழுத் திரையும் கறுப்பு, பாட்டு மட்டும் கேட்கும்.

காரணம் இதுதான். விண்டோஸ் 8 இலிருந்து அந்த 256 நிற முறையை நேரடியாகக் காட்டுவதை நிறுத்திவிட்டார்கள். பழைய கேம் கேட்டால், இருப்பதுபோல ஒரு பாவனை காட்டும், அவ்வளவுதான். அந்தப் பாவனை சில மெஷினில் ஒழுங்காக நடக்கும், சிலதில் இப்படித் தடக்கும்.

இதற்குத் தேவை ஒரு துபாஷி. கலைப்பீடத்துப் புத்தி என்று தம்பி சிரித்தான், ஆனால் இதைவிட நல்ல சொல் இல்லை. வெள்ளைக்காரருக்கும் ஊர்ச் சனத்துக்கும் நடுவில் நின்று இரண்டு பாஷையும் பேசினவர்தானே துபாஷி. பழைய கேம் 'டிரெக்ட்ட்ரோ' என்ற பாஷையில் பேசுகிறது. புது மெஷினுக்கு அது சரியாக விளங்குவதில்லை. நடுவில் நின்று அதைப் புதுப் பாஷைக்கு மாற்றிச் சொல்கிற சின்ன மென்பொருட்கள் இருக்கின்றன. ராப்பர் என்பார்கள். டிஜிவூடு, டிடிரோகொம்பாட், சிஎன்சி டிடிரோ என்று பல. யாரோ முன்பின் தெரியாத ஆட்கள் சும்மா செய்து இலவசமாகத் தந்தவை. நாங்கள் பாவித்தது சிஎன்சி டிடிரோ. முதலில் 'கொமாண்ட் அண்ட் கொங்கர்' கேமுக்காகச் செய்தது, இப்போது எத்தனையோ பழைய கேம்களுக்கு உதவுகிறது. அதன் கோப்புகளைக் கேம் ஃபோல்டருக்குள் போட்டால் போதும். கேம் முதலில் தன் வீட்டுக்குள் தேடும், துபாஷியைக் கண்டுவிட்டால் விண்டோஸிடம் போகாது. படம் இழுபட்டு எல்லாரும் குண்டாகத் தெரியாமல் இருக்க, நீள அகல விகிதத்தைக் காக்கிற ஒரு தெரிவும் அதில் உண்டு. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், பரவாயில்லை.

ஏன் இவ்வளவு பாடு, புதுப் பதிப்பை வாங்கலாமே என்று கேட்பீர்கள். 2019 இல் 'டெஃபினிட்டிவ் எடிஷன்' வந்தது தெரியும். 2022 ஏப்ரலில் அதற்கு வந்த விரிவில் திராவிடர்களும் ராஜேந்திர சோழனும் உண்டு, அந்த வீரர்கள் தமிழில் பேசுவார்கள் என்பதும் தெரியும். அந்த ஏப்ரலில் இங்கே டொலர் 200 ரூபாயிலிருந்து 300 ஐத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. கரண்ட் எப்போது வரும் என்று பார்த்துப் போன் சார்ஜ் போட்ட காலம். தமிழ் பேசுகிற வீரர்களை யூடியூபில் பார்த்துச் சந்தோசப்பட்டோம்.

சரி, மப்புக்கு வருவோம். மாமா திருகோணமலையைத்தான் செய்திருந்தார். உள்துறைமுகம், அதன் வளைவுகள், கோணேசர் கோயில் பக்கத்துப் பாறை, கோட்டைக்கு ஒரு காசில். ஓர்ஸ் ஹில்லை நாலு படி உயர்த்தி, மேலே ஒரே ஒரு வீடு. கோட்டைப் பக்கம் பதினொரு மான். இந்த கேமில் மான் சாப்பாடு, அடித்தால் இறைச்சி. மாமா எடிட்டரில் ஒரு விதி எழுதியிருந்தார்: ஒரு மான் செத்தாலும் நீ தோற்றாய். அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தோம். டவுனில் மான் ரோட்டில் படுத்திருந்தால் ஓட்டோவை நிற்பாட்டுகிற ஊர்தானே இது.

பிறகு தம்பி வெல்லுகிற விதியைத் தேடினான். எதிரி யாரும் இல்லை. கட்டவும் ஒன்றும் இல்லை. வீட்டுக்கு முன்னால் நாலு ஆட்கள், கரையில் ஒரு கப்பல். ஆட்களை ஏற்றிக்கொண்டு துறைமுக வாயைத் தாண்டி மப்பின் விளிம்புக்குப் போனால் வெற்றி. வேறு வழி வைக்கவில்லை. கோப்பு கடைசியாகச் சேமிக்கப்பட்ட திகதியைப் பார்த்தோம். அவர் போவதற்கு மூன்று கிழமைக்கு முன்.

யாரும் பேசவில்லை. நாங்கள் மூன்று பேரும் பாஸ்போர்ட் எடுத்து வைத்திருக்கிறோம். எங்கள் பட்ச்சில் பாதிப் பேர் ஐஈஎல்டிஎஸ் வகுப்பில். மாமாவின் விதி எங்களுக்கு அந்நியமாகத் தெரியவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

அன்றிரவு எட்டு மணிக்கு வீடியோ கோல். அங்கே நள்ளிரவு தாண்டி ஒன்றரை. ஒவ்வொரு படியாகச் சொல்லிக்கொடுத்தோம்: டிரெக்ட்பிளே, துபாஷி, மப் கோப்பு. அவருடைய திரை நீலமாகிற வெளிச்சம் முகத்தில் விழுந்தது. கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கப்பலைப் பாத்தீங்களா?"

"ம்ம். அப்பவே முடிவெடுத்திட்டீங்களா மாமா?"

"எனக்கு அப்ப இருபத்துமூண்டு வயசு. போறதுதான் வெல்லுறது எண்டு நினைச்சன். பிழை எண்டும் சொல்லேல்ல. ஆனா திரும்பி வாற விதி ஒண்டும் எழுதியிருக்கலாம்."

அதற்குள் அம்மா வந்து எங்கள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தா. "தம்பி, இதில எங்கட வீடு எது?" மாமா காட்டினார். அம்மா கண்ணாடியைச் சரி பண்ணிக்கொண்டு பார்த்துவிட்டு, "முத்தத்து வேம்பைக் காணேல்ல" என்றா.

கேமில் வேம்பு இல்லை. ஓக், பைன், பனை மாதிரி ஒன்று எல்லாம் உண்டு. எடிட்டரைத் திறந்து வீட்டுக்கு முன்னால் ஓர் ஓக் மரத்தை நட்டோம். மாமா அங்கிருந்து "இன்னும் கொஞ்சம் கிணத்துப் பக்கம்" என்று சொல்லச் சொல்ல இடம் மாற்றினோம். வெல்லுகிற விதியில் கை வைக்கவில்லை. அது அவர் எழுதியது, மாற்றுவதென்றால் அவரே மாற்றட்டும். பழைய கோப்பை மூன்று இடத்தில் பத்திரப்படுத்திவிட்டு, மரம் உள்ளதைப் புதுப் பெயரில் சேமித்து அனுப்பினோம்.

உங்கள் வீட்டு மூலையிலும் பெட்சீட் போர்த்தின பெட்டி ஒன்று இருக்கும். இரும்புக்காரர் வருவதற்கு முன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். வெளிநாட்டில் இருக்கிறவர்களிடம் ஒருக்கால் கேட்டும் பாருங்கள். நிறம் பிழைத்திருந்தால் எங்களுக்கு எழுதுங்கள், டிரைவரில் கை வைக்க முதல்.