இரை எடுத்தல்

பாம்பு சாப்பிட்டது என்று எங்கள் பக்கத்தில் யாரும் சொல்வதில்லை. இரை எடுத்தது என்பார்கள். மதியம் வயிறு முட்ட உண்டுவிட்டுக் கூடத்தில் மல்லாந்து கிடக்கும் ஆணைக் காட்டி, ‘இரை எடுத்த பாம்பு மாதிரி கெடக்காக’ என்று பெண்கள் அடுக்களையில் சிரிப்பதைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். ஒரு பெண்ணைப் பற்றி இப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. சாப்பிட்ட கையோடு கிடப்பதற்கு அவளுக்கு வாய்க்க வேண்டுமே.

நாம் பாம்புக்குக் கொடுத்ததெல்லாம் பால்தான். ஆடி மாதம், வெள்ளிக்கிழமை, புற்று, பால், முட்டை, மஞ்சள். கொடுப்பது பெரும்பாலும் பெண்கள். கேட்பது பெரும்பாலும் பிள்ளை வரம். முட்டையையாவது நாகம் சில சமயம் விழுங்கும். பால் அதன் உணவே அல்ல. பாலூட்டிகளின் குட்டிகளுக்கு உரியது அது. பல நாள் தண்ணீர் காட்டாமல் காயப்போட்ட பாம்பு முன்னால் வைத்த எதையும் உறிஞ்சும், அவ்வளவுதான். ஒன்றுக்கு என்ன வேண்டும் என்று கேட்காமல், நமக்குப் புனிதமாகப் பட்டதை அதன் வாயில் ஊற்றுவதற்குப் பக்தி என்று பெயர் வைத்திருக்கிறோம். அந்தப் பழக்கம் பாம்போடு நிற்கவில்லை என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

என் தங்கை டல்லாஸுக்கு வெளியே ஒரு புறநகரில் இருக்கிறாள். அவள் மகளுக்குப் பதினைந்து வயது. அந்தப் பெண் ஒரு பாம்பு வளர்க்கிறாள். இந்தியாவில் இது நடக்காது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுப் பாம்பு எதையும் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது, வைத்துக்கொள்ளவும் கூடாது. அங்கே பண்ணைகளில் பொரித்த பாம்புகளைக் கடையில் விற்கிறார்கள். இவள் வாங்கியது ஹாக்னோஸ் என்ற வகை. தமிழில் பன்றிமூக்கன் என்று நான் பெயர் வைத்தேன். மேற்கத்திய ஹாக்னோஸ் கனடாவின் தெற்குப் புல்வெளிகளிலிருந்து மெக்சிகோவின் வடக்கு வரை பரவியிருக்கும் உயிர். மூக்கு நுனி மண்வெட்டி போல மேலே நிமிர்ந்திருக்கும். அதை வைத்து மணலைக் கிளறிப் புதைந்துகிடக்கும் தேரைகளைத் தேடும். பின்பற்களில் மெல்லிய விஷம் உண்டு, மனிதரைக் கொல்லாது. பயந்தால் கழுத்தைத் தட்டையாக்கிச் சீறும். வாயை மூடிக்கொண்டே முட்டும். அதற்கும் நாம் அசையாவிட்டால் மல்லாந்து, நாக்கைத் தொங்கவிட்டு, செத்ததாக நடிக்கும். நிமிர்த்திப் போட்டால் ‘நான்தான் செத்துவிட்டேனே’ என்பது போல மறுபடியும் மல்லாந்துகொள்ளும். இதற்கு என் தங்கை மகள் வைத்திருக்கும் பெயர் மிளகு.

கோடை விடுமுறையில் இரண்டு மாதம் அங்கே இருந்தேன். மிளகின் உணவு முறையை முழுதாகப் பார்க்க நேர்ந்தது. எனக்குத் தெரிந்த எந்தப் பெண்ணின் உணவும் இவ்வளவு கவனமாக யோசிக்கப்பட்டதில்லை.

மிளகு பெண். எடை 210 கிராம். சமையலறைத் தராசு ஒன்று அதற்கென்றே தனியாக இருக்கிறது. மூடியுள்ள டப்பாவில் பாம்பை விட்டு நிறுத்து, நோட்டில் தேதி போட்டு எழுதுகிறாள். ஏழு முதல் பத்து நாளுக்கு ஒருமுறை ஓர் எலி. எலியின் பருமன் பாம்பின் உடலில் அகலமான இடத்தைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. உயிரோடு கொடுப்பதில்லை; மூலையில் மாட்டிய எலி திருப்பிக் கடித்துப் பாம்பின் கண்ணைக் கெடுத்துவிடும். உறைந்த எலியை முந்தைய இரவே கீழ்த்தட்டில் எடுத்து வைத்து, மறுநாள் வெந்நீரில் பையோடு போட்டுச் சூடேற்றுகிறாள். மைக்ரோவேவ் கூடவே கூடாது; உள்ளே வெந்து, வெடித்து, நாசமாகும். பிறகு நீண்ட இடுக்கி. விழுங்கிய பின் இரண்டு நாள் யாரும் தொடக் கூடாது. தொந்தரவு பட்டால் கக்கிவிடும். பெண் ஒருத்தி சாப்பிட்டால் நாற்பத்தெட்டு மணி நேரம் அவளை யாரும் எழுப்பக் கூடாது என்று ஒரு விதி! நோட்டில் அதை வாசித்தபோது எனக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது.

‘தினமும் எலிதானா, பாவம், அலுக்காதா?’ என்று கேட்டேன். அதற்கு அவள் ஒரு வகுப்பே எடுத்தாள். முழு எலி என்பது கறித்துண்டு அல்ல, பெரியம்மா. எலும்பில் கால்சியம், ஈரலில் வைட்டமின் ஏ, குடல், ரோமம் எல்லாம் சேர்ந்துதான் ஒரு சாப்பாடு. வெறும் சதையை மட்டும் கொடுத்தால் எலும்பு நொய்ந்துபோகும். அதற்காக எலி மட்டும்தான் என்றும் இல்லை. காட்டில் இது தேரை, தவளை, பல்லி, சுண்டெலி, தரையில் கூடு கட்டும் பறவைகளின் முட்டை, ஊர்வனவற்றின் முட்டை என்று அகப்பட்டதையெல்லாம் தின்னும். எனவே எப்போதாவது ஒரு சின்னக் காடை முட்டையோ, சிறு குஞ்சோ கொடுக்கலாம். தோட்டத்தில் கிடைக்கிறதென்று தேரையைப் பிடித்துப் போடக் கூடாது. ஒட்டுண்ணியும் பூச்சிமருந்தும் சேர்ந்து வரும். மீனைச் சாப்பாடாகவே கொடுப்பதும் ஆபத்து. சில மீன்களில் இருக்கும் ஒரு நொதி, வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும்.

முழு எலி என்ற விஷயம் என்னை விடவில்லை. எங்கள் வீட்டில் கோழி அடித்தால் ஈரல் அப்பாவுக்கு, கால் அண்ணனுக்கு. அம்மா கழுத்தையும் முதுகெலும்பையும் ‘எனக்கு இதுதான் பிடிக்கும்’ என்று எடுத்துக்கொள்வாள். அது அவள் விருப்பமா என்று அவளுக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

இன்னொன்றும் அந்தப் பெண் சொன்னாள். இந்த இனத்தில் பெண்தான் பெரிது. ஆண் ஒன்றரை அடியைத் தாண்டுவதே அபூர்வம். பெண் பாம்பைச் சீக்கிரம் முட்டையிடும் எடைக்குக் கொண்டுவருவதற்காக அடிக்கடி இரை கொடுத்து ஊதவைக்கும் வளர்ப்பாளர்கள் உண்டு. கொழுப்பு ஈரலில் சேரும், ஆயுள் குறையும். மிளகை அப்படி வளர்க்க மாட்டேன், அதற்கு முட்டையிடும் வேலையே இல்லை என்றாள். அவளுக்கு மூன்று வருடம் முன்பு பூப்பெய்திய சடங்கு நடந்தது. அதற்காகவே தூத்துக்குடிக்கு அழைத்து வந்திருந்தார்கள். உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் தினமும் ஊட்டினார்கள். இடுப்பெலும்புக்கு நல்லது என்றார்கள். யாருடைய பிரசவத்துக்காக அந்த இடுப்பு என்று பன்னிரண்டு வயதுப் பெண்ணிடம் சொல்லவில்லை. அவள் பேச்சை வைத்துப் பார்த்தால், சொல்லாததும் அவளுக்குப் புரிந்திருக்கிறது.

எலிகள் இருக்கும் இடம் காரேஜில் உள்ள பழைய குட்டி ஃப்ரீசர். வீட்டுக்குள் வைக்க முடியாது. தங்கை கல்யாணமாகிப் போனது சுத்த சைவ வீடு. காதல் கல்யாணம், இரண்டு சாதி. பெண் எடுப்பவர்கள் வைத்தது ஒரே நிபந்தனைதான் என்று அன்று எங்கள் வீட்டில் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள்: அவள் கறி, மீன், முட்டை தொடக் கூடாது. வரதட்சணை கேட்காத பெரிய மனசு என்று அதைப் பாராட்டியவர்களும் உண்டு. தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் பிறந்து, சாளையும் நெத்திலியும் ஊளியும் சீலாவும் ஒவ்வொன்றாகச் சுவை பிரித்துச் சொல்லத் தெரிந்த பெண், பதினெட்டு வருடமாக மீன் சாப்பிடவில்லை. தங்கை கணவர் நல்ல மனிதர். அலுவலகத்தில் கோழி சாப்பிடுவார். அது வெளியே. வீட்டின் சுத்தம் பெண்ணின் வயிற்றில் அல்லவா இருக்கிறது.

இந்த வீட்டில் அசைவம் தின்ன அனுமதி பெற்ற ஒரே பெண் மிளகுதான். ‘அது பிறவிக் குணம், அதை மாத்த முடியுமா’ என்று தங்கையின் மாமியாரே தீர்ப்பு சொல்லிவிட்டார். எழுபத்தாறு வயது அத்தை அவர். முதலில் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டவர், பிறகு அதன் மூக்கைப் பார்த்துச் சிரித்துச் சமாதானமானார்.

ஜூன் கடைசியில் மிளகு சாப்பிடுவதை நிறுத்தியது. ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்றாவது வாரமும். இடுக்கியில் எலியைக் கண்டதும் தலையைத் திருப்பிக்கொண்டு மரத்தூளுக்குள் புதைந்துவிடும். என் தங்கை மகள் பதறவில்லை. தோல் உரிக்கப்போகிறதா என்று கண்ணைப் பார்த்தாள், பால்படலம் இல்லை. வெப்பமானியைப் பார்த்தாள், சூடான பக்கம் 32 டிகிரி, சரியாகவே இருந்தது. நிறுத்துப் பார்த்தாள், மூன்று கிராம்தான் குறைந்திருந்தது. வளர்ந்த பாம்பு சில வாரம் பட்டினி கிடப்பது ஆபத்தில்லை, எடை இறங்காத வரை காத்திருக்கலாம் என்றாள். அத்தை மட்டும் தினமும் காலையில் கேட்டார்: ‘ஏட்டி, பிள்ள ஏதும் தின்னுச்சா? ரெண்டு சொட்டுப் பாலாவது வச்சுப் பாரேன்.’ உண்மையான கவலை அது. குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதே வீட்டில் தங்கை காலை பத்தரை மணி வரை காப்பியோடு நிற்பதை அவர் ஒருநாளும் கேட்டதில்லை. நான் கேட்டபோது ‘எனக்குப் பசிக்கலை அக்கா’ என்றாள். அவளுக்குத் தராசும் இல்லை, நோட்டும் இல்லை.

ஹாக்னோஸ் சாப்பிட மறுத்தால் ஒரு வழி இருக்கிறது. எலியின் மேல் வேறு வாசனையைப் பூசுவது. தேரை, பல்லி, அல்லது மீன். உப்புச் சேர்க்காமல் தண்ணீரில் அடைத்த டியூனா டப்பாவின் நீரில் எலியை முக்கிக் காட்டினால் பல பாம்புகள் எடுத்துவிடும். அன்று மகளுக்கு இசை வகுப்பு. ‘அம்மா, நீங்க டப்பாவைத் திறந்து தண்ணியை மட்டும் ஒரு கிண்ணத்தில் வடிச்சு வைங்க, நான் வந்துடறேன்’ என்று சொல்லிவிட்டுப் போனாள். நானும் தங்கையும் காரேஜுக்குப் போனோம். கார் மேல் டப்பாவை வைத்துத் திறந்தாள்.

‘சூரை, அக்கா’ என்றாள்.

டியூனா என்றால் எங்கள் ஊர்ச் சூரைதான். அதைக் காயவைத்தால் மாசி. அம்மா மாசியை அம்மியில் பொடித்து, தேங்காயும் மிளகாயும் வைத்து அரைத்த சம்பலுக்கு நாங்கள் இருவரும் சண்டை போட்ட காலம் உண்டு. தண்ணீரைக் கிண்ணத்தில் வடித்தாள். டப்பாவில் மீன் அப்படியே இருந்தது. அதைக் குப்பையில் போடத்தான் வேண்டும். பாம்புக்கு வாசனை போதும், மீன் ஆகாது. அவள் டப்பாவைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே போகும் கதவைப் பார்த்தாள். பிறகு இரண்டு விரலால் கொஞ்சம் எடுத்து வாயில் போட்டாள். உப்பில்லாத, மசாலா இல்லாத, அட்டை போன்ற மீன். மெதுவாக மென்றாள்.

‘நல்லாவே இல்லை’ என்றாள். இன்னும் கொஞ்சம் எடுத்தாள். டப்பாவை என்னிடம் நீட்டினாள். நின்றபடியே இருவரும் தீர்த்தோம். பேசவில்லை. கடைசித் துணுக்கை விரலால் வழித்து எடுத்துக்கொண்டு, ‘கொஞ்சம் சின்ன உள்ளியும் பச்சைமிளகாயும் இருந்திருக்கலாம்’ என்றாள். பிறகு காரேஜ் குழாயில் சோப்பு போட்டு மூன்று முறை கை கழுவினாள். மோந்து பார்க்கச் சொல்லி என்னிடம் கையை நீட்டினாள். வாசம் இருந்தது. இல்லை என்று சொன்னேன்.

அன்று சாயங்காலம் மிளகு இரை எடுத்தது. இடுக்கி அசைவதற்குள் பாய்ந்து எலியைத் தலைப்பக்கமாகக் கவ்வி, அந்தப் பின்பற்களால் மென்றுமென்று உள்ளே இழுத்துக்கொண்டது. கால் மணி நேரம் ஆனது. அத்தை வாசலில் நின்று பார்த்துவிட்டு ‘சாமி, மகராசி’ என்று கும்பிட்டார். மகள் நோட்டில் தேதி எழுதினாள். அடுத்த முறை வாசனையைப் பாதியாகக் குறைத்தாள். அதற்கடுத்த முறை வெறும் எலியையே எடுத்துக்கொண்டது.

நான் புறப்படும் வாரம் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த கடைப் பட்டியலில் பால், கொத்தமல்லி, உளுத்தம்பருப்புக்குக் கீழே ‘மிளகுக்கு டியூனா - 4 டப்பா’ என்று தங்கையின் கையெழுத்தில் இருந்தது. மகள் அதை வாசித்தாள். மிளகுக்கு இனி தேவையில்லை என்று சொல்லவில்லை. பேனாவை எடுத்துப் பக்கத்தில் ‘சின்ன வெங்காயம்’ என்று எழுதினாள்.