அறிவர், உணர்வர், புரிந்துகொள்வர்



'இப்பாட இறுதிக்குள் மாணவர்கள்' என்று தொடங்கும் வரியை நாள் பாடத்திட்டத்தில் எழுதி எழுதிக் கை பழகியவர்கள் நாம். நான் பயின்ற ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் ஒரு விரிவுரையாளர் இருந்தார். 'அறிவர்' என்ற சொல் கண்ணில் பட்டால் ஏட்டை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவார். "அறிந்துகொண்டதை நீங்கள் எப்படிப் பார்த்தீர்கள்?" என்று மட்டும் கேட்பார். அக்கேள்வி வகுப்பறையை விடவும் மருத்துவப் பராமரிப்புப் பயிற்சிக்கே மிகுதியாகப் பொருந்தும் என்பதை அண்மையில் கண்டேன்.

என் தங்கை தாதியாகப் பணியாற்றுகிறாள். நீரிழிவு நோயாளிகளை வீட்டில் பராமரிப்போருக்கு அரைநாள் பயிற்சி நடத்தும் பொறுப்பு அவளுக்கு வந்தது. "அக்கா, இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லு" என்று ஒரு தாளை நீட்டினாள். அதில் 11 நோக்கங்கள் இருந்தன. பங்கேற்பாளர்கள் நீரிழிவைப் பற்றி அறிவர். சர்க்கரை அளவு தாழ்வதன் ஆபத்தைப் புரிந்துகொள்வர். பராமரிப்பின் அவசியத்தை உணர்வர் என்று வரிசையாகப் போயிற்று.

எங்கள் அம்மாவும் நீரிழிவு நோயாளி. சில ஆண்டுகளுக்கு முன் ஓரிரவு அவருக்கு உடல் வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறியது. அப்போது உடனிருந்த உறவுக்காரப் பெண் இத்தகைய பயிற்சி ஒன்றுக்குச் சென்று சான்றிதழும் பெற்றவர். வினாத்தாளில் எல்லாவற்றிற்கும் சரியாகவே விடை எழுதியிருந்தாராம். ஆயினும் 'சர்க்கரை நோயாளிக்குச் சீனியைக் கொடுப்பதா' என்று கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே தயங்கி நின்றார். பக்கத்து வீட்டு அம்மாள் வந்து சீனித் தண்ணீர் புகட்டியதால் அம்மா தேறினார். அந்தப் பெண்ணை நான் குறை கூறமாட்டேன். ஆபத்தை அவர் 'புரிந்துகொண்டு'தான் இருந்தார். கலக்கிக் கொடுக்கும் பயிற்சியை அவருக்கு எவரும் அளித்திருக்கவில்லை.

கற்றல் நோக்கம் எழுதுவது குறித்து ராபர்ட் மேகர் 1962-இல் ஒரு சிறுநூல் வெளியிட்டார். கற்பவர் செய்து காட்டும் செயல், அதைச் செய்யும் சூழல், எவ்வளவு செம்மையாகச் செய்தால் போதும் என்னும் அளவு ஆகிய மூன்றையும் அவர் வலியுறுத்தினார். புளூமின் 1956-ஆம் ஆண்டு வகைப்பாடு 2001-இல் திருத்தப்பட்டபோது படிநிலைகளின் பெயர்கள் வினைச்சொற்களாக மாறியதும் இங்கு நினைக்கத்தக்கது. நம்மில் பலர் வினைச்சொல் பட்டியலை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருப்போம். சூழலைத்தான் எழுதாமல் விட்டுவிடுகிறோம். பள்ளியில் அதனால் பெரிய கேடு வந்துவிடாது, மறுநாளும் பாடவேளை உண்டு. நோயாளியின் அருகில் அப்படியன்று.

தங்கையும் நானும் அமர்ந்து ஒரு நோக்கத்தை மட்டும் மாற்றி எழுத முக்கால் மணி நேரமாயிற்று. 'நோயாளி நினைவோடு இருந்து, குளுக்கோமீட்டரில் சர்க்கரை அளவு 4.0 மில்லிமோலுக்குக் கீழ்க் காட்டும்போது, பங்கேற்பாளர் குறிப்பைப் பாராமல், 3 தேக்கரண்டி சீனியை நீரில் கலக்கிக் கொடுத்து, 15 நிமிடங்களுக்குப் பின் மீண்டும் அளவு எடுப்பார்.' இதில் 'நினைவோடு இருந்து' என்னும் இரண்டு சொற்களுக்காகத்தான் அவள் என்னோடு வாதாடினாள். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். 999-ஐ அழைக்க வேண்டும். சூழல் மாறினால் சரியான செயலே தவறாகிவிடுகிறது. எனவே அதைத் தனி நோக்கமாகவே எழுதினோம். சாக்லெட் கொடுத்தால் ஆகாதா என்று கேட்டேன். அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை சேர்வதைத் தாமதப்படுத்துமாம்.

"பொறுமை, பரிவு இதையெல்லாம் எப்படிக்கா அளக்கிறது?" என்றாள். நியாயமான கேள்விதான். கண்ணுக்குத் தெரிவதை மட்டுமே எழுதினால் மனிதத்தன்மை விடுபட்டுப்போகும் என்போருடன் எனக்கும் பாதி உடன்பாடு உண்டு. ஆனால் 'பரிவை உணர்வர்' என்று எழுதுவதனால் பரிவு வந்துவிடுவதில்லையே! 'விரலில் குத்துவதற்கு முன் நோயாளியிடம் சொல்லி, அவர் தலையசைத்த பிறகே குத்துவார்' என்று எழுதினோம். பரிவில் அது ஒரு துளியேனும் கண்ணுக்குத் தெரியும்.

11 நோக்கங்கள் மூன்றாகச் சுருங்கின. கணையத்தைப் பற்றிய நீண்ட விளக்கப் படங்கள் தாமாகவே விழுந்தன; அந்த நேரத்தைக் கோப்பையும் கரண்டியும் எடுத்துக்கொண்டன. வினாத்தாளும் போயிற்று. ஜார்ஜ் மில்லர் 1990-இல் மருத்துவக் கல்விக்கு வகுத்த கூம்பில் 'அறிவார்' என்பது அடித்தளம். 'செய்து காட்டுவார்' என்பது மூன்றாம் படி. அடித்தளத்துக்குரிய தேர்வை வைத்து மூன்றாம் படிக்குச் சான்றிதழ் கொடுப்பது எந்த ஊர் நியாயம்?

பயிற்சி நாளன்று நானும் உதவிக்குப் போயிருந்தேன். தங்கையே பாயில் படுத்து நோயாளியாக நடித்தாள். ஒவ்வொருவராக வந்து ஓர் அட்டையை எடுக்க வேண்டும். 'அழைத்தால் பதில் இல்லை' என்ற அட்டையை எடுத்தவர்களிலும் சிலரின் கை நேரே சீனிக் கோப்பைக்குத்தான் போனது. அவர்கள் வரிசையின் கடைசிக்குச் சென்று மறுபடியும் வந்தார்கள். எல்லோரும் சரியாகச் செய்து முடிக்கும்வரை தங்கை பாயைவிட்டு எழவில்லை. மதிய உணவு ஒரு மணி நேரம் தாமதமாயிற்று.