உப்பு தின்ற சக்கரம்

போன ஆவணியில் என் அண்ணன் மகன் ஒரு பழைய டிரெய்லர் லாரி வாங்கினான். தூத்துக்குடி உப்பு லோடு அடித்தே பல வருஷம் ஓடிய வண்டி. நம்ம பக்கத்து லாரிகளில் பெரும்பாலும் இரும்பு டிஸ்க்தான். இதில் முன்சக்கரம் இரண்டும் அலுமினியம். டயரைக் கழற்றி, இரண்டு டிஸ்க்கையும் ஸ்ரீரங்கத்தில் எங்கள் திண்ணையில் இறக்கினான். "ஆயுத பூஜைக்குள்ள கண்ணாடி மாதிரி ஆக்கிடணும் சித்தப்பா."

1928-ல் நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு வந்த ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவன் சும்மா உட்காரலாமா என்பது அவன் எண்ணம். என் மனைவியின் எண்ணம் வேறு; அதை இங்கே எழுத முடியாது.

அலுமினியம் துருப்பிடிக்காது என்பார்கள். காற்றுப் பட்டதுமே அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்ஸைடு படலம் ஒன்று படியும், அதுதான் கவசம். உப்பிலுள்ள குளோரைடு அந்தக் கவசத்தை அங்கங்கே துளைத்துவிடும். இரும்பு மாதிரி பொருக்குப் பொருக்காக உதிராது. ஒரே இடத்தில் உள்ளே உள்ளே இறங்கும். மேலே பார்த்தால் குண்டூசித் தலையளவு வெள்ளைப் பொடி, அதற்கடியில் குழி. புளிக்குழம்பு வைத்து வைத்துப் புள்ளி விழுந்த அலுமினியச் சட்டி ஞாபகம் இருக்கிறதா? அதேதான்.

சோப்புத் தண்ணீரில் கழுவினேன். காஸ்டிக் சோடா பக்கம் போகக்கூடாது, அலுமினியத்தையே தின்றுவிடும். பிறகு தண்ணீர் விட்டு உப்புத்தாள். (உப்பு தின்றதைச் சரிசெய்ய உப்புத்தாள்!) 240, 400, 600, 1000 என்று நம்பர் ஏற ஏற, முந்தைய தாளின் கோடு முழுக்க மறையும்வரை குறுக்கே தேய்க்க வேண்டும். அவசரப்பட்டு ஒரு நம்பரைத் தாண்டினால், கடைசியில் துணி வீலில் பஃபிங் சோப்பு போட்டுப் பளபளப்பு ஏற்றும்போது அந்தக் கோடெல்லாம் பல்லிளிக்கும். போல்ட் உட்காரும் இடத்தையும் டயர் விளிம்பு உட்காரும் இடத்தையும் நான் தொடவில்லை. அங்கே அளவு மாறக்கூடாது. ஆழமான குழிகளையும் விட்டுவிட்டேன். அவை மறையும்வரை தேய்த்தால் சக்கரம் மெலிந்துபோகும்.

நாலு சாயங்காலத்தில் ஒன்று முடிந்தது. முகம் தெரிந்தது.

இரண்டாவதில் 400 தாள் ஓடும்போது போல்ட் துளையோரம் ஏதோ தெரிந்தது. குழி வட்டமாக இருக்கும், இது கோடு. காந்தச் சோதனை அலுமினியத்தில் எடுபடாது. சிவப்புச் சாயம் வாங்கிவந்து அடித்து, கால்மணி நேரம் விட்டுத் துடைத்து, மேலே வெள்ளை டெவலப்பர் தெளித்தேன். மெல்லச் சிவப்பாக எழும்பிற்று, இரண்டு விரற்கடை நீளத்துக்கு.

"வெல்டு வெச்சுக்கலாமே சித்தப்பா?"

"சூடு பட்டா அந்த இடம் பலம் போயிடும்டா. முன்சக்கரம். பின்னாடி இருபது முப்பது டன் வருது."

அவன் பேசவில்லை. வண்டிக்குக் கடன் வாங்கியிருந்தான். அலுமினிய டிஸ்க் தடிமன் அதிகம், அதற்கென்று நீள போல்ட். இரும்புக்கு மாறினால் அதையும் மாற்றியாக வேண்டும். ஒரு வாரம் என்னிடம் முகங்கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் இரண்டு பக்கமும் இரும்பு டிஸ்க்கே போட்டு, சில்வர் பெயின்ட் அடித்து, சந்தனம் குங்குமம் வைத்துப் பூஜையை முடித்தான்.

விரிசல் விட்டதைக் காயலான் கடையில் எடைக்குப் போட்டோம். அப்படியே கொடுத்தால் அங்கிருந்து இன்னொருவன் வண்டியில் ஏறிவிடுமே என்று, ஹேக்சா பிளேடால் விளிம்பை இரண்டு இடத்தில் அறுத்த பிறகுதான் கொடுத்தேன்.