குரல் போகாத ஞாயிறு

திருகோணமலை உட்துறைமுக வீதியிலுள்ள எமது இல்லத்தில் ஞாயிறு இரவு எட்டு மணி தமையனாருக்கு உரியது. தொரொன்ரோவில் அப்போது காலைப்பொழுது. அவர் பார்வை இழந்தவராதலின், திரையில் எம் முகம் தெரிந்தும் பயனில்லை; குரலே எல்லாம்.

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிவுற்றமையால், மடிக்கணனியை 11ஆம் பதிப்புக்கு மாற்றியிருந்தோம். அன்றிரவு அவர் பேசியது தெளிவாகக் கேட்டது. எமது பேச்சுத்தான் செல்லவில்லை.

"தம்பி, நிக்கிறியோ? என்னோடை கோவமோ?"

தொண்டை வறளக் கத்தினேன். துறைமுகத்தில் நின்ற கப்பல்களுக்குக்கூடக் கேட்டிருக்கும்! தொலைபேசியில் அழைத்திருக்கலாமே என்பீர்கள். பதற்றத்தில் அது தோன்றவில்லை.

ஒலிவாங்கி பழுதென்றே முடிவுகட்டினேன். பேர்த்தியோ அமைப்புகளில் அந்தரங்கப் பகுதியைத் திறந்து, ஒலிவாங்கிக்கான அனுமதி அடைபட்டிருந்ததைக் காட்டினாள். செயலிகள் ஒற்றுக்கேளாதிருக்க வைத்த கதவாம் அது. அதைத் திறந்தும் குரல் போகவில்லை. அதே பக்கத்தின் அடியில், கணனியில் நேரடியாக நிறுவிய செயலிகளுக்கென இன்னொரு பொத்தான் இருந்தது. அதனையும் அழுத்தினாள்.

"அண்ணை!" என்றேன்.

"ஏன்ரா கத்துறாய்? எனக்குக் கண்தானே தெரியாது" என்றார்.