ஆள் வராத நெரை

பள்ளி விளையாட்டுப் போட்டி முடிந்த மறுநாள் காலை, ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் பதக்கத்தை என் மேசைமேல் வைத்தான்.

"எனக்கு வேணாம் டீச்சர். முன்னால ஓடுன ரெண்டு பேரும் மோதி விழுந்ததாலதான் ரெண்டாவதா வந்தேன். எல்லாரும் சிரிக்கிறாங்க."

200 மீட்டர் ஓட்டத்தின் வளைவிலே நடந்தது அது. செம்பனைக்கு உரம் போட்டுவிட்டு வந்த உடையோடு வேலியோரம் நின்று அவன் தாயார் கைதட்டியதை நான் பார்த்திருந்தேன். அந்தக் கைதட்டலையும் சேர்த்தல்லவா இவன் திருப்பித் தருகிறான் என்று மனம் வருந்தியது.

கார் என்றால் அவனுக்கு உயிர். ஆகவே, கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயனின் கதையைச் சொன்னேன்.

அமெரிக்காவில் ஸ்டாக் கார் பந்தயம் என்று ஒன்று உண்டு. நம் திடலில் சுண்ணாம்புக் கோடு போட்டு ஓடுகிறோமே, பெரும்பாலும் அதே நீள்வட்ட வடிவில்தான் ஓடுதளம். வண்டிகள் இடப்பக்கமே திரும்பிக்கொண்டிருக்கும். பாரமெல்லாம் வலப்பக்க டயர்களில் விழும். 2010-இல் அதன் பிக்கப் வண்டிப் பிரிவில் கார்த்திகேயன் இறங்கினார். மார்டின்ஸ்வில்லில் ஓட்டிய முதல் பந்தயத்தில் 13-ஆவதாக வந்தார். பருவத்தின் கடைசிப் பந்தயம் நவம்பரில், புளோரிடாவின் ஹோம்ஸ்டெட்டில், ஒரு சுற்றே சுமார் 2.4 கிலோமீட்டர் உள்ள ஓடுதளத்தில் நடந்தது. அவ்வாண்டின் சாம்பியன் பட்டம் டாட் போடினுக்குப் போயிற்று. கார்த்திகேயன் ஒரு பந்தயத்திலும் வெல்லவில்லை. ஆயினும், ரசிகர்கள் வாக்களித்துத் தரும் 'மிகவும் விரும்பப்பட்ட ஓட்டுநர்' விருது அவருக்குத்தான் கிடைத்தது.

"ஜெயிக்காமலே பரிசா டீச்சர்?"

"இன்னொன்றும் கேள்," என்றேன். அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன், 2005 ஜூன் 19-இல், இண்டியானாபொலிஸில் ஃபார்முலா 1 பந்தயம். அங்குள்ள 4 கிலோமீட்டர் நீள்வட்ட ஓடுதளத்தின் சாய்வான வளைவொன்று பந்தயப் பாதையில் சேர்ந்திருந்தது. அந்த வளைவை மிஷெலின் டயர்கள் தாங்கமாட்டா என்று, 20 கார்களில் 14 விலகிக்கொண்டன. ஓடியவை ஆறே ஆறு. கார்த்திகேயன் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் பெற்றார். ஃபார்முலா 1-இல் ஓர் இந்தியர் பெற்ற முதல் புள்ளிகள் அவை.

"மற்றவர்கள் விலகினார்கள், உண்மைதான். ஆனால், ஓட்டி முடித்தவருக்குத்தானே புள்ளி?"

பையன் தலை நிமிரவில்லை. அப்போதுதான், இருபது ஆண்டுகளுக்கும் மேலாக யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னேன்.

ஆசிரியர் பயிற்சிக்கு மனுப் போட்டபோது முதல் பட்டியலில் என் பெயர் இல்லை. யாரோ ஒருவர் வராமல் போனதால் பிறகு எனக்குக் கடிதம் வந்தது. "மிச்சம் விழுந்த இடம்" என்று உறவினர் ஒருவர் சிரித்தார். போகமாட்டேன் என்று நான் அழுதேன். பால்மரம் வெட்டிவிட்டு வந்த அப்பா, கை கழுவிக்கொண்டே சொன்னார்:

"ஆள் வராத நெரைய நாம வெட்டுறதில்லியா? அந்தப் பாலத் தராசுல வச்சா, இது வேற ஆளு நெரைன்னு எடை கொறையுதா? இருட்டுல எழுந்து போனவனுக்குத்தாம்மா அந்தப் பாலு."

மறுநாளே பெட்டியைக் கட்டினேன். அந்த ரப்பர்த் தோட்டம் இன்று செம்பனையாகிவிட்டது. அப்பாவும் இல்லை. அந்தச் சொல்தான் என்னை இன்றும் வகுப்பறையில் நிற்க வைத்திருக்கிறது.

பையன் ஒன்றும் பேசாமல் பதக்கத்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனான்.

மறுவாரம் அவன் தாயாரைப் பள்ளி வாசலில் கண்டேன்.

"பதக்கம் சாமி மேடையில இருக்குது டீச்சர். அவனே கொண்டு வந்து வச்சான்."

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை கொண்டுவரும் பரிசு எப்படிக் கிடைத்தது என்று ஊர் ஆயிரம் பேசும். அவன் ஓடி முடித்தானா என்று மட்டும் நீங்கள் கேளுங்கள்.